ஒற்றைச் சக்கரம், நாற்சக்கரம், பெல்ட்: பி-36 லேண்டிங் கியர் தொகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

கும்பகோணத்தில் தம் வீட்டு மாடியில் இரண்டு ரெசின் (கெட்டிப்படும் பிசின்) முப்பரிமாண அச்சு இயந்திரங்களை வைத்துக்கொண்டு, மாதிரி விமானங்களுக்கான உதிரிப் பாகங்களைச் செய்து விற்கும் இளைஞர் ஒருவரிடம் சென்ற மார்கழியில் ஒரு தொகுப்பு வாங்கினேன். தொடக்ககாலக் கனரகக் குண்டுவீச்சு விமானங்களின் சக்கரங்களும் சோதனை லேண்டிங் கியர்களும் (விமானம் தரையில் ஊன்றும் கால், சக்கரத் தொகுதிகள்) அடங்கிய அந்தத் தொகுப்பின் விலை 2,400 ரூபாய்; அனுப்பும் செலவு தனி. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட அதனுள், அமெரிக்காவின் பி-36 குண்டுவீச்சு விமானத்தின் முதல் சோதனை வடிவத்தில் இருந்த ராட்சத ஒற்றைச் சக்கரங்கள் ஒரு ஜோடி, பின்னர் வந்த நான்கு சக்கரத் தொகுதி ஒரு ஜோடி, டாங்கியின் பட்டையை ஒத்த பெல்ட் கியர் மூன்று, எக்ஸ்பி-19 விமானத்தின் சக்கரம் ஒன்று, இவற்றை நிறுத்தி வைப்பதற்கு ஓடுதளத்தின் ஒரு துண்டைப் போல அச்சிட்ட பீடம் ஒன்று ஆகியவை இருந்தன. ஆறு மாதங்களுக்கு மேல் கையாண்ட பிறகே இதை எழுதுகிறேன். ரெசினில் செய்த பொருளைப் பற்றிச் சித்திரை வெயில் தாண்டுவதற்கு முன் நல்ல வார்த்தை சொல்வது நம் பக்கத்தில் அவசரப்படுவதாகும். செய்தவர் தனி மனிதராகத் தொழில் நடத்துகிறவர், நான் குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தஞ்சை வட்டாரத்தில் மாதிரி விமானம் கட்டுகிற சிலருக்கு அவர் யார் என்று சொல்லாமலே தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் பாராட்டும் குறையும் அங்கிருந்துதான் வருகின்றன. நான் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நஞ்சை நிலம் இருக்கிறது. விமானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் இறக்கையையும் எஞ்சினையும் பார்ப்பார்கள். எனக்கு அது தரையில் நிற்கும்போது அதன் சக்கரம் எங்கே ஊன்றியிருக்கிறது, அந்த இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் கண் போகும். அந்தக் கண்ணோடு பார்க்கிறவனுக்கு பி-36-ஐப் போல விருந்து வேறில்லை. 1946 ஆகஸ்ட் 8 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் முதன்முதலாகப் பறந்த அந்தச் சோதனை விமானத்துக்கு இறக்கை விரிவு 230 அடி. இறக்கையின் பின்விளிம்பில் ஆறு எஞ்சின்கள் பின்புறம் நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தன. முழுச் சுமையோடு அதன் எடை 120 டன்னைத் தாண்டும். அத்தனையும் முதலில் நின்றது முன்னால் ஒரு சிறு சக்கரத் தொகுதியின் மேலும், இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு டயர்களின் மேலும்தான்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். பெட்டியைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை வெர்னியர் அளவியை எடுத்ததுதான். உண்மை டயரின் விட்டம் 110 அங்குலம், அதாவது 2.79 மீட்டர், எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால் 38.8 மில்லிமீட்டர் வர வேண்டும். என் கையில் இருந்தது 38.6. இரண்டு சக்கரத்துக்கும் இடையில் வித்தியாசமே இல்லை. எக்ஸ்பி-19 சக்கரத்தின் உண்மை விட்டம் 96 அங்குலம்; 33.9 இருக்க வேண்டிய இடத்தில் 33.8 இருந்தது. வீட்டு மாடியில் செய்யப்பட்ட பொருளுக்கு இது மிக நல்ல துல்லியம். நான்கு சக்கரத் தொகுதியில்தான் அவர் சறுக்கியிருக்கிறார்: 56 அங்குல டயருக்கு 19.75 வர வேண்டும், ஆனால் எட்டு டயர்களும் 18.9 மட்டுமே இருந்தன. அச்சிட்ட பிறகு ரெசின் சுருங்கியதென்றால் பெரிய சக்கரமும் சுருங்கியிருக்க வேண்டும். ஆகவே வரைபடத்திலேயே பிழை இருந்திருக்கிறது என்று அவருக்கு எழுதினேன், ஒப்புக்கொண்டார்.

தொகுப்பின் உயிர் ஒற்றைச் சக்கரத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சாதாரண மாதிரிச் சக்கரம் போலத் தெரியவில்லை. கைக்குள் அடங்கும் எடைக்கல்லைப் போல ஒரு கனத்த தோற்றம் அதற்கு இருக்கிறது. உண்மை டயர் ஒவ்வொன்றும் சுமார் 600 கிலோ எடை கொண்டது, அறுபது கார் டயர்களுக்குப் போதுமான ரப்பரை விழுங்கியது. அந்நாள் வரை உலகில் அதைவிடப் பெரிய விமான டயர் செய்யப்பட்டதில்லை. அதன் அருகில் வைப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு மனித உருவமும் தொகுப்பில் இருக்கிறது. ஆறடி மனிதன் நின்றால் அவன் தலைக்கு மேல் மூன்றடிக்கு டயர் உயர்ந்து நிற்கிறது. சக்கரத்தின் நடுவட்டில் உள்ள பள்ளங்களும், தாங்குகாலில் இருந்து சாய்வாக ஏறும் பக்கவாட்டுத் தண்டும், மடித்து இழுக்கும் ஹைட்ராலிக் உருளையும் தனித்தனிப் பாகங்களாகத் தரப்பட்டுள்ளன. கடைசியாகச் சொன்ன இரண்டையும் அவர் தவிர்க்காமல் செய்திருப்பதற்காக நான் மகிழ்ந்தேன், ஏனெனில் அந்த விமானத்தின் கதையில் அவற்றுக்கு ஒரு நாள் உண்டு. 1947 மார்ச் 26 அன்று விமானம் மேலெழும்பியதும் வலது பக்கத்தின் மடக்கு உருளை வெடித்து, சக்கரத் தொகுதி தன் எடையிலேயே கீழே தொப்பென்று விழுந்து, பக்கவாட்டுத் தண்டை முறித்துவிட்டது. விமானிகள் பெரில் எரிக்சனும் கஸ் கிரீனும் பல மணி நேரம் வட்டமிட்டு எரிபொருளைத் தீர்த்து, பன்னிரண்டு பேரைப் பாராசூட்டில் குதிக்கச் சொல்லிவிட்டு, தாங்கள் இருவர் மட்டும் அந்தத் தொங்குகாலை நம்பி விமானத்தைத் தரையிறக்கினார்கள். கால் தாங்கியது. ஒரே சக்கரத்தின் மேல் எல்லாவற்றையும் ஏற்றி வைத்தால் அந்த ஒன்றுக்கு எது நேர்ந்தாலும் மாற்று இல்லை என்பதை இந்த மெல்லிய ரெசின் தண்டைப் பொருத்தும்போது விரல் உணர்கிறது.

இவ்வளவு நன்றாகச் செய்தவர் ஓரிடத்தில் சக்கரத்தின் மேல் எடை இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார். விமானம் நின்றுகொண்டிருக்கும்போது டயரின் அடி சற்றுச் சப்பையாக இருக்க வேண்டும்; அவரும் சப்பையாக்கியிருக்கிறார், ஆனால் அந்தச் சப்பை 4 மில்லிமீட்டர் நீளம் மட்டுமே. ஒரு காலின் மேல் 55 டன் இறங்குகிறது என்றும், டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றும், அகலம் மூன்றடி என்றும் தோராயமாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், தரையைத் தொடும் பகுதி 33 அங்குல நீளம் வரும். மாதிரியில் அது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். எரிபொருளும் குண்டும் இல்லாத வெற்று விமானம் என்று சலுகை காட்டினாலும் 6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். உப்புத்தாளில் நானே தேய்த்துச் சரிசெய்தேன். தேய்த்த பிறகு விமானம் அலமாரியில் நிற்கிற நிலையே மாறிவிட்டது. அதற்கு முன் அது மிதந்துகொண்டிருந்தது.

இனி அந்தப் பீடம். வாங்கும்போது அதை இலவச இணைப்பு என்றுதான் நினைத்தேன். இப்போது தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த பொருள் அதுதான். ஓடுதளத்தை மேலிருந்து மட்டும் காட்டாமல், கத்தியால் அறுத்தது போலப் பக்கவெட்டோடு அச்சிட்டிருக்கிறார்: மேலே கான்கிரீட் பலகை, அதன் தடிமன் 7.8 மில்லிமீட்டர். இது கண்ணளவில் போட்ட எண் அன்று. ஒற்றைச் சக்கர பி-36 இறங்குவதற்கு 22 அங்குலத் தடிமனுள்ள கான்கிரீட் தேவைப்பட்டது. அதன் எழுபத்திரண்டில் ஒரு பங்கு இதுதான். எங்கள் ஊரில் போடுகிற சிமெண்ட் சாலை ஒரு சாண் தடிமன்கூட வராது. அப்படிப்பட்ட ஓடுதளம் அன்றைக்கு ஃபோர்ட் வொர்த் தொழிற்சாலையை ஒட்டி ஒன்றும், ப்ளோரிடாவின் எக்லினிலும் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபீல்டு-சூசனிலும் ஒவ்வொன்றும் ஆக மூன்றே இடங்களில்தான் இருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பறப்பதற்கென்று கட்டிய விமானம் மூன்று ஊர்களுக்கு வெளியே கால் வைக்க முடியாமல் நின்றது.

ஏன் அவ்வளவு தடிமன் வேண்டும் என்பதைச் சாலைக்காரனின் கணக்கில் சொல்கிறேன். நம் சாலைகளை வடிவமைக்கும்போது ஓர் அச்சுக்கு 80 கிலோநியூட்டன், அதாவது 8.16 டன் என்பதை அடிப்படைச் சுமையாக எடுத்துக்கொள்வோம். அதுவும் இரண்டு பக்கமும் இரட்டை டயர்களாக நான்கு டயர்களில் பிரிந்து இறங்கும். பி-36-இன் ஒரு டயரின் கீழ் அதைப் போல ஆறு மடங்குக்கு மேற்பட்ட சுமை ஒரே இடத்தில் இறங்குகிறது. டயரைப் பெரிதாக்கினால் மேல்பரப்பில் அழுத்தம் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுமை முழுவதும் ஒரே கூம்பாகக் கீழே இறங்கி, பலகைக்கு அடியில் உள்ள மண்ணைத் தேடிப் போகும். அதையே நான்கு சிறு டயர்களாகப் பிரித்து இடைவெளி விட்டு வைத்தால், ஒவ்வொன்றின் டயர் அழுத்தம் கூடுதலாக இருந்தாலும், நான்கு கூம்புகளும் ஒன்றோடொன்று சேர்வதற்குள் ஆழம் போய், பரவி, பலம் குறைந்துவிடும். ஓடுதளம் உடைவது மேலே பட்ட அடியால் மட்டும் அன்று, அடியில் மண் நகர்வதாலும்தான். எங்கள் துறையில் மண்ணின் தாங்குதிறனை அளக்கப் பயன்படும் சி.பி.ஆர். சோதனை கலிபோர்னிய நெடுஞ்சாலைத் துறையில் பிறந்தது; இரண்டாம் உலகப்போரின்போது, கனத்துக்கொண்டே போன குண்டுவீச்சு விமானங்களுக்கு ஓடுதளம் போட வேண்டியிருந்த அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அதை எடுத்து விரித்துக்கொண்டார்கள். வடுவூர் சாலையின் மண்ணை எடுத்து அதே சோதனையைச் செய்த நாட்களில் இந்த உறவு எனக்குத் தெரியாது.

இந்தக் காரணத்தினாலேயே பீடத்தில் ஒரு குறையும் என் கண்ணை உறுத்துகிறது. கான்கிரீட் பலகைக்குக் கீழே நேராகச் செம்மண் நிறத்தில் மண்ணை வைத்துவிட்டார். இடையில் கெட்டித்த ஜல்லிப் படுகை ஒன்று இருந்தே தீரும். அதை இரண்டு மில்லிமீட்டரில் சேர்த்திருந்தால் இந்தப் பீடத்தைப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டலாம். தூரிகையால் ஒரு சாம்பல் கோடு இழுத்து நான் சமாளித்துக்கொண்டேன்.

ஒற்றைச் சக்கரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். தொகுப்போடு வரும் தாளில் அதற்கு "அன்றைய அறியாமை" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறார். இது நியாயமில்லை. பல சக்கரங்களில் எடையைப் பிரிப்பது விமானத்துறைக்குத் தொடக்கத்திலேயே தெரிந்த வித்தை. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் ஸ்டாக்கன் ஆர்.6 விமானம் பதினெட்டுச் சக்கரங்களோடு நின்றது. 1923-இல் அமெரிக்காவில் பறந்த பார்லிங் குண்டுவீச்சு விமானத்துக்குப் பத்துச் சக்கரங்கள். சோவியத் நாட்டின் டிபி-3 முதலில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைச் சக்கரம் வைத்திருந்து, பின்னர் வந்த வகையில் பக்கத்துக்கு ஒன்றாக 2 மீட்டர் உயரமுள்ள ஒற்றைச் சக்கரத்துக்கு மாறியது. அதாவது பலவற்றிலிருந்து ஒன்றுக்கு வந்தது பின்னேற்றம் அன்று. நல்ல டயரும் நல்ல பிரேக்கும் கிடைத்தபோது, எளிமையை நாடி எடுத்த முடிவு அது. சக்கரத்தை இறக்கைக்குள் மடித்து வைக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, தட்டையாகப் படுக்கும் ஒரே வட்டு, பல மூட்டுகள் கொண்ட தொகுதியைவிடச் சிக்கல் குறைந்ததாகத் தோன்றியிருக்கும். எக்ஸ்பி-19 அந்தப் பாதையில் ஒரு படி. 1941 ஜூன் 27 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இருந்து முதன்முதலாகப் பறந்த அந்த டக்ளஸ் விமானத்தின் 212 அடி இறக்கையை 96 அங்குலச் சக்கரங்கள் தாங்கின. விமானத்தை 1949-இல் உடைத்துவிட்டார்கள். அதன் சக்கரம் அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருக்கிறது. ஒற்றைச் சக்கரம் என்ற எண்ணமே தவறு என்று சொல்கிறவர்கள், தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் நிலைகொண்டிருக்கும் சுகோய்-30 விமானத்தின் படத்தை உற்றுப் பார்க்கட்டும்: இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒரே சக்கரம்தான். அதன் எடைக்கு அது போதும். பி-36 அந்த எல்லையைத் தாண்டிப் போனது, குற்றம் அவ்வளவே.

தேரோட்டம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. திருவாரூர் ஆழித்தேர் 300 டன் எடையோடு நான்கு சக்கரத்தில் வருகிறது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்து கொடுத்த இரும்பு அச்சும் பிரேக்கும் இருந்தாலும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்றும் சக்கரத்தின் பக்கத்திலேயே நடக்கிறார்கள். தேர் ஆள் நடக்கும் வேகத்தைவிட மெல்ல வருகிறது, அதற்கென்று நான்கு வீதிகள் இருக்கின்றன. விமானத்துக்கு அந்த இரண்டு வசதியும் கிடையாது.

நான்கு சக்கரத் தொகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. விமானப்படைத் தளபதி ஹென்றி ஆர்னால்டின் யோசனையின்பேரில் ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கும் போகியைப் போன்ற இந்த ஏற்பாடு வந்தது. தயாரிப்பில் வந்த பி-36 எல்லாம் இதையே அணிந்தன. பின்னால் வந்த பெரிய விமானங்கள் இந்த வழியிலேயே போயின. அரக்கோணம் ராஜாளி தளத்தில் 2017 வரை கடற்படை வைத்திருந்த டியு-142 கண்காணிப்பு விமானத்துக்கும் பக்கத்துக்கு நான்கு சக்கரம்தான். வரலாற்றில் வென்றது இதுவே. தொகுப்பில் தோற்றதும் இதுவே: டயர்கள் சிறியவை, அச்சு வரிகள் பக்கச் சுவரில் அப்படியே தெரிகின்றன. பி-36 மாதிரியை வாங்கினால் அதன் பெட்டிக்குள்ளேயே இதைவிட நல்ல நாற்சக்கரத் தொகுதி இருக்கும். இதற்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

பெல்ட் கியர் அப்படி அன்று. வேறு எந்த மாதிரிப் பெட்டியிலும் இதை நான் பார்த்ததில்லை. கான்கிரீட் இல்லாத இடத்திலும் பெரிய விமானத்தை இறக்க வேண்டும் என்ற ஆசையில், சக்கரத்தையே எடுத்துவிட்டு டாங்கியைப் போல ரப்பர் பட்டையை உருளைகளின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். பி-50 குண்டுவீச்சு விமானம் ஒன்றிலும் இந்தச் சோதனை நடந்தது. 1950 மார்ச்சில், பி-36-இன் முதல் சோதனை விமானமான பழைய எக்ஸ்பி-36-க்கே இதை மாட்டினார்கள். நான்கு சக்கரத் தொகுதி தரையில் சதுர அங்குலத்துக்கு 156 பவுண்டு அழுத்தம் தந்த இடத்தில், பெல்ட் 57 பவுண்டு மட்டுமே தந்தது. நடவுக்கு முன் பரம்பு அடிக்கும்போது, வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால் வரை புதைகிற அதே சேற்றில் பரம்புப் பலகையின் மேல் நிற்கிறவர் வழுக்கிக்கொண்டு போவாரே, அதே காரியம். ஆனால் எடை ஏகமாகக் கூடியது, ஓடும்போது காது கிழியும் சத்தம் போட்டது, சீக்கிரமே கைவிட்டார்கள்.

மாதிரியில் இந்தப் பாகம் அருமையாக வந்திருக்கிறது. பட்டையின் உட்புறத்தில் வரிசையாக இருக்கும் சிறு உருளைகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகின்றன. பட்டை இரண்டு உருளைகளுக்கு இடையில் லேசாகத் தளர்ந்து தொங்குவதைக்கூட விட்டுவிடவில்லை. தை மாதம் சம்பா அறுவடைக்கு ஆத்தூர் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு இயந்திரத்தோடு வந்திருந்த ஓட்டுநர் ஒருவர், கணக்கு முடிக்க வீட்டுக்கு வந்தபோது மேசையில் இதைப் பார்த்துவிட்டார். "ஐயா, ஏரோப்பிளேனுக்குமா பெல்ட் வண்டி?" என்று சிரித்தார். ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்குத்தான் கிராக்கி, வாடகையும் அதற்கே அதிகம் என்பது டெல்டாவில் எல்லோரும் அறிந்தது. அந்த விமானத்தில் பெல்ட் நிலைக்கவில்லை என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்படிங்கய்யா நிலைக்கும்? வயலுக்குள்ளதான் பெல்ட். ரோட்டுல ஓட்டுனா தேஞ்சு போயிடும்னு நாங்க லாரியில ஏத்திக்கிட்டு வர்றோம். அது பெல்ட்டோடயே பறக்கணும், பெல்ட்டுலயே ஓடணும்ல?" என்றார். மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் போகிற பட்டைக்கும், மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொட்ட கணத்தில் சுழலத் தொடங்க வேண்டிய பட்டைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. டயர் வண்டிக்காரர்களின் இன்னொரு குறும்பும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது: சேற்றுக்கென்று மாட்டிய கேஜ் வீலோடு (இரும்புக் கூண்டுச் சக்கரம்) தார்ச்சாலையில் டிராக்டரை ஓட்டிவிடுவார்கள், விடிந்தால் சாலையைச் சரிசெய்ய நாங்கள் போய் நிற்போம். மண்ணுக்குச் சரியானது சாலைக்குச் சரிப்படாது என்பதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான்.

இப்போது தொகுப்பின் பெரிய குறைக்கு வருகிறேன். உறையின் மேல் "பி-36-க்குப் பொருந்தும்" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார். பொருந்தும், மாட்டலாம். ஆனால் கடையில் கிடைக்கும் பி-36 மாதிரிகள் தயாரிப்பில் வந்த விமானத்துடையவை; அவற்றின் மூக்கில் விமானி அறை குமிழ் போல மேலெழும்பி இருக்கும். முதல் விமானமான எக்ஸ்பி-36-க்கு அந்தக் குமிழ் கிடையாது. பயணிகள் விமானத்தைப் போல மூக்கோடு மூக்காக வழிந்த கண்ணாடிதான். பெல்ட் கியர் பூட்டப்பட்டது இந்த முதல் விமானத்தில். எனவே மூக்கை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாட்டினால், நடக்காத ஒன்றைக் காட்டுகிறோம். ஒற்றைச் சக்கரத்துக்கு ஒரு வழி உண்டு: 1947 டிசம்பர் 4 அன்று பறந்த இரண்டாவது விமானமான ஒய்பி-36-க்குக் குமிழ் அறையும் இருந்தது, தொடக்கத்தில் ஒற்றைச் சக்கரமும் இருந்தது. நான் அந்த விமானத்தையே கட்டினேன். மாதிரிப் பெட்டியில் இருந்த ஜெட் எஞ்சின்களை இறக்கை முனைகளுக்கு அருகே பொருத்தாமல் விட வேண்டியிருந்தது, ஏனெனில் அவை பின்னால் வந்த வகைகளில்தான் சேர்ந்தன. இந்த விவரம் வாங்குகிறவருக்குத் தாளில் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிப் பெட்டியைப் பிரித்த பிறகு தாமாகவே தேடித் தெரிந்துகொள்ளும்படி விட்டிருக்கக் கூடாது.

அடுத்தது வலிமை. கட்டி முடித்த மாதிரியின் இறக்கை 97 சென்டிமீட்டர் நீளம். எஞ்சின்கள் எல்லாம் பின்னால் இருப்பதால் வால் தரையில் உட்கார்ந்துவிடாமல் இருக்க, நாகப்பட்டினத்திலிருந்து வாங்கி வந்த, வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை மூக்குக்குள் நிரப்பியிருக்கிறேன். இந்த எடையை ரெசின் தாங்குகால்கள் பங்குனி வரை சுமந்தன. சித்திரையில், மாடி அறையில், இடது கால் மெல்ல உட்புறம் வளையத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு பக்க இறக்கை இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. காலை எடுத்து, நடுவில் துளையிட்டு, கும்பகோணம் பாத்திரக்கடைத் தெருவில் கிடைத்த 2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகி அரால்டைட் வைத்து ஒட்டினேன். அதன் பிறகு அசையவில்லை. கம்பி நுழைவதற்கான துளையை அவரே அச்சில் விட்டுத் தந்தால், சுவாமிமலையும் நாச்சியார்கோவிலும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் உலோகத்துக்கா பஞ்சம்? அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் விளக்கு வார்க்கிறவர்களுக்கு மாதிரி வடிவம் அச்சிட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் என்று அவரே சொன்னார். கால்களை வெண்கலத்தில் வார்க்கலாமே என்று கேட்டேன். விலை இரட்டிப்பாகும் என்று தயங்குகிறார். நான் கொடுக்கத் தயார்.

சேவையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. பாகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பஞ்சில் சுற்றி வந்தன, ஒன்றும் உடையவில்லை. அச்சிடும்போது பாகங்களைத் தாங்கி நிற்கும் தாங்குகுச்சிகளை அவரே வெட்டி அனுப்புவதில்லை. வாங்கியவர் நறுக்க வேண்டும், அதற்கு நல்ல கத்தரி தேவை, அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. வளைந்த காலின் படத்தை அனுப்பியபோது, வாதாடாமல் அடுத்த வாரமே புதிய ஜோடி அனுப்பினார். அதிலும் கம்பித்துளை இல்லை என்பது வேறு விஷயம். கேள்விக்குப் பதில் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும், ஆனால் வரும்.

எக்ஸ்பி-36-இன் வழிந்த மூக்கை அச்சிட்டுத் தரும் எண்ணம் உண்டா என்று கடைசியாகக் கேட்டேன். வரைந்துகொண்டிருக்கிறார், கண்ணாடிப் பகுதியைத் தெளிவான ரெசினில் கொண்டு வருவதில் மங்கல் விழுகிறதாம். அது வருகிற வரையில் முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஒற்றைச் சக்கர ஜோடியையும் பீடத்தையும் மட்டும் தனியாகக் கேட்டால் 1,100 ரூபாய்க்குத் தருகிறார். ஒய்பி-36 கட்டுகிறவருக்கு அது போதும். பெல்ட் வேண்டுமென்றால் மூக்கு வரட்டும்.